அம்மாளாச்சிக்கு எடுத்து வைத்த சீனி மூட்டை

பத்திரிகைகளில் கேலிப்படம் கீறவென்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேத்தண்ணீர் குடித்தீர்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: “ஐயா, சிரிப்புப் படத்துக்கு உங்களுக்கு யோசனை எங்கிருந்து வந்தது?” அன்றைக்கு நான் மழுப்பிவிட்டேன். வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் கோபப்படக்கூடாது என்று மனுசி கண்ணால் காட்டினாள். இன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்களில் ஒருவர் கீறிய படம் ஒன்று, நீங்கள் வந்ததற்கு முந்தின கிழமை பேப்பரில் வந்தது. கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிற சனம். எல்லாருக்கும் நாக்குத் தொங்குகிறது, பானை மாதிரி வயிறு. கீழே “பக்தி பொங்குகிறது” என்று ஒரு வரி. சனம் வரிசையில் நின்றது உண்மை. ஆனால் நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் தம்பி? வரிசையில் நிற்கிறவனுக்கு முன்னால் நிற்கிறவனின் நாக்குத் தெரியாது. பிடரிதான் தெரியும். அந்தப் படத்தில் ஒரு பிடரி கூட இல்லை. மண்டபத்து மாடியில் கதிரை போட்டிருந்து பார்த்திருக்கிறீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கலை பற்றி விளக்கம் சொல்ல எனக்கு ஏலாது. இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் திருகோணமலையில் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் துறைமுகத்தில் போர்டு எழுதுகிறவன். “உள்ளே வராதே”, “புகை பிடிக்காதே”, “நில்”. சனத்தை மறித்து நிறுத்துகிற எழுத்துத்தான் என் சீவனம். ஓய்ந்த பொழுதில் சிரிப்புப் படம் கீறி, டவுனில் நடந்த ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்குக் கொடுப்பேன்.

யோசனை தேடி நான் எங்கும் போனதில்லை. யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டச் சொன்னார்கள். வெட்டினோம். ஆபத்துச் சங்கு ஊதினால் முதல் ஆளாகக் குழிக்குள் இறங்குவது எங்கள் வீட்டு ஆடு. இறங்கி நடுவில் படுத்துவிடும். இழுத்தாலும் வராது. மனுசி மேலே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டு கெஞ்சுவாள்: “அம்மா தாயே, கொஞ்சம் தள்ளிப் படணை. பிளேன் வருதடி!” அதை அப்படியே கீறினேன். அந்தக் கிழமை சந்தையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு ஆடு இருந்தது; ஆடு இல்லாத வீட்டில் ஒரு மாமா இருந்தார். அந்தப் படத்தில் நானும் நிற்கிறேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டின் பின்னங்காலைப் பிடித்தபடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனுசியின் ஊரான சாம்பல்தீவுக் கரைக்குப் போவேன். அங்கே கரைவலை இழுப்பார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றால் கரைக்கு இழுக்க வேண்டும். ஒரு மூலையில் இருந்து வேடிக்கை பார்த்துக் கீறலாம் என்றால் விடமாட்டார்கள். “வந்தனீர்தானே, பிடியும்” என்று கயிற்றைக் கையில் தந்துவிடுவார்கள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். மீன் குவிந்ததும் முதலில் கரைக் கோயிலில் இருக்கிற அம்மாளாச்சிக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் வலைக்காரர் பங்கும் ஆட்கள் பங்கும். வழியில் போனவன் சும்மா வந்து கயிற்றில் கை வைத்திருந்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. யாருக்கும் இல்லை என்பதும் இல்லை. பங்கு பிரிக்கிறவர் கந்தப்பர். உப்பில் தோல் வெடித்த, உயர்ந்த மனிதர். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும்.

வெள்ளைக்கார மாலுமிகள் சிலர் லீவு நாளில் அந்தக் கரைக்குக் குளிக்க வருவார்கள். அதில் செம்பட்டைத் தலைமயிரோடு ஒரு பெடியன். ஊர் அவனுக்குச் செம்பட்டை என்றே பேர் வைத்துவிட்டது. ஒருநாள் விளையாட்டாக வந்து கயிற்றைப் பிடித்தான். இழுத்த இழுவையில் பின்பக்கம் அடிபட மணலில் இருந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எழும்பித் திரும்பப் பிடித்தான். வலை கரைக்கு வந்ததும் கையைத் தட்டிவிட்டுத் தன்பாட்டில் நடந்தான். கந்தப்பர் பின்னால் ஓடினார்.

“டேய் தம்பி, நில்லடா! கறிக்குக் கொண்டு போ!”

அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். கந்தப்பர் விடவில்லை. ஈர்க்கில் கோத்த மீனை அவன் விரலில் மாட்டிவிட்டார்.

“கயிறு பிடிச்சவனை வெறுங்கையோட விட்டா அம்மாளாச்சி என்னைக் கேப்பா. கொண்டு போய்ச் சொதி வை.”

அவன் இங்கிலீசில் என்னவோ சொன்னான். இருவரும் அவரவர் பாசையில் கதைத்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தன் வெள்ளை உடுப்பில் படாமல் மீனை எட்டப் பிடித்தபடி அவன் கரை நெடுகப் போனான். அதையும் கீறினேன். அதற்கும் ஊர் சிரித்தது.

கரைவலைக் காலம் முடியப்போகிற நேரம், காற்று மாறி அடித்த ஒரு விடியலில் துறைமுகத்துச் சரக்குப் படகு ஒன்று கட்டறுந்து வந்து சாம்பல்தீவுக்கு நேரே மணலில் தட்டி நின்றது. உள்ளே சீனி மூட்டை, மா மூட்டை, பெட்டி பெட்டியாகத் தகரத்தில் அடைத்த மீன். சனம் சீனிக்குக் கூப்பனோடு அலைந்த காலம் அது. அம்மாளாச்சிக்கே இனிப்பில்லாத வெறும் புக்கை பொங்கிப் படைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

லொறியில் போனோம். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, சில மாலுமிகள், அவர்களோடு செம்பட்டை, மொழிபெயர்க்கத் துறைமுகத்துக் கிளாக்கர், பலகையோடும் பெயின்ற் வாளியோடும் நான். கிளாக்கர் எங்கள் ஆள். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைக் காண முடியாது. படைச் சாமான், தொட்டால் தண்டனை என்று இங்கிலீசில் எழுதச் சொன்னார். நான் கேட்டேன்:

“ஐயா, கீழ தமிழிலையும் எழுதி விடட்டோ?”

“உவங்களுக்கு வாசிக்கத் தெரியுமே? இங்கிலீசு போதும். கெதியா எழுதும்.”

கந்தப்பர் தேவாரப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். எனக்கு அது தெரியும். எழுதிய பலகையைக் காய முன்னமே கரையில் நட்டார்கள்.

அந்த இடத்தில் ஆழமில்லை, இழுவைக் கப்பல் கிட்ட வர ஏலாது. அதிகாரி கிளாக்கரைப் பார்த்தார், கிளாக்கர் ஊரைப் பார்த்தார். கந்தப்பர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வலை மாதிரித்தான். ரெண்டு பக்கமும் பிடியுங்கோ. அலை தூக்கேக்க இழுக்கவேணும், விழேக்க இல்லை.”

கரைவலைக் கயிற்றையே கொண்டுவந்து கட்டினார்கள். ஆண்களும் பெண்களும் பிடித்தார்கள். நானும் வாளியை வைத்துவிட்டுப் பிடித்தேன். பாட்டுப் போட்டு இழுத்தோம். வெயில் உச்சிக்கு ஏற முன்னம் படகு கரைக்கு வந்துவிட்டது. அதிகாரி கைதட்டினார். மாலுமிகள் மூட்டைகளை இறக்கி மணலில் குவித்தார்கள்.

இனித்தான் கவனியுங்கள். இழுத்த சனம் போகவில்லை. வலை இழுத்த நாளில் எப்படி இருக்குமோ அப்படியே மணலில் வரிசையாக இருந்தது. பெண்கள் வீட்டுக்குப் போய் ஓலைக் கடகங்களோடு திரும்பி வந்து இருந்தார்கள். கந்தப்பரின் மனுசி செல்லம்மா அக்காவும் வந்தார். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அதிகாரி நினைத்தார். அவர்கள் பங்குக்குக் காத்து இருந்தார்கள்.

கந்தப்பர் கடலில் கால் கை கழுவினார். நேரே குவியலுக்கு வந்தார். தகரப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“உது மீனாம். அம்மாளாச்சிக்குத் தகரத்து மீன் என்னத்துக்கு?”

மா மூட்டையைத் தடவிப் பார்த்தார், அதையும் விட்டார். பிறகு ஒரு சீனி மூட்டையைத் தோளில் தூக்கி, சுத்தமான மணலாகப் பார்த்துக் கோயில் பக்கம் நோக்கி வைத்தார். ஒரு வேப்பங்கொப்பை முறித்து மேலே செருகினார். கும்பிட்டார். சனமும் இருந்தபடியே கும்பிட்டது. விபூதிக்காரக் கிளாக்கரின் கையும் ஒரு கணம் தன்னையறியாமல் எழும்பி இறங்கியதை நான் கண்டேன். கந்தப்பர் திரும்பினார்.

“சரி. இனிப் பிரிப்பம்.”

விசில் ஊதியது. மாலுமிகள் ஓடிவந்து அவரைச் சுற்றி நின்றார்கள். அதிகாரி இங்கிலீசில் கத்த, கிளாக்கர் தமிழில் கத்தினார்.

“என்னடா செய்யிறாய்? களவெடுக்கிறியோ?”

“ஆர் களவெடுத்தது? பங்கு பிரிக்கிறன்.”

“ஆரின்ர சாமானை ஆரடா பிரிக்கிறது?”

“கடல் கொண்டு வந்தது. நாங்கள் இழுத்தது. கயிறு எங்கட. இருங்கோ ஐயா, உங்களுக்கும் வரும். அந்தத் துரைக்கும் வரும்.”

இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை. நானும் உள்ளுக்குள் சிரித்தேன். களவெடுக்கிறவன் நடுப்பகலில், படைக்காரருக்கு முன்னால், மூட்டைக்கு வேப்பிலை சாத்திவிட்டா எடுப்பான்? அதிகாரி என்னவென்று கேட்டார். கிளாக்கருக்கு எல்லாம் தெரியும். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னது: எடுத்ததை ஒத்துக்கொள்கிறான். அவ்வளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும்.

“ஐயா, அது கோயில் பங்கு எண்டு சொல்லுங்கோ.”

“உமக்குப் போர்டு எழுதிறதுதான் வேலை.”

அதிகாரி என் பலகையைக் காட்டினார். தொட்டால் தண்டனை என்று எழுதியிருக்கிறதே என்றார். கைவிலங்கு கொண்டுவரவில்லை. செம்பட்டையைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார். அவன் வேறொன்றும் கிடைக்காமல் மணலில் கிடந்த கரைவலைக் கயிற்றின் நுனியால் கந்தப்பரின் இரண்டு கைகளையும் கட்டினான். அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டினான். செல்லம்மா அக்கா வெறுங்கடகத்தை இடுப்பில் வைத்தபடி லொறிக்குப் பின்னால் கொஞ்சத்தூரம் ஓடினார்.

படைச் சாமானில் கை வைத்த வழக்கு. வழக்கு ஏறினால் வருடக் கணக்கில் மறியலுக்குள் கிடக்க வேண்டும் என்று கிளாக்கர் லொறியில் வைத்துச் சொன்னார். அடுத்த கிழமை வழக்கு ஏறும் என்றும் சொன்னார்.

நான் போய்ப் பத்திராதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதுவார், நாலு பெரிய மனிதர் பார்ப்பார்கள் என்று நம்பிப் போனேன். வேப்பிலை என்றதும் அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“இதைக் கீறும் காணும்! அருமையான சாமான். ஆனா கொஞ்சம் மாத்திக் கீறும். ஆளுக்கு வயித்து வண்டி வைச்சு, நெத்தியில பெரிய விபூதிப் பட்டை போடும். ஒரு கையால கும்பிடுறான், மற்றக் கையால மூட்டையைப் பின்னுக்கு இழுக்கிறான். எப்பிடி?”

“அண்ணை, அந்த மனுசன் கள்ளனில்லை.”

“கள்ளன் எண்டு ஆர் சொன்னது? பகிடிதானே.”

“வழக்கு வரமுன்னம் உந்தப் படம் வந்தா ஊரே அவரைக் கள்ளன் எண்டுதான் பாக்கும்.”

“பேப்பர் அடிக்கிற கடுதாசி ஆர் தாறது, தெரியுமே? துரைமாரும் கொஞ்சம் சிரிக்கட்டும்.”

பகிடிதானே! இந்தச் சொல்லை என் சீவியத்தில் எத்தனையோ பேர் வாயில் கேட்டுவிட்டேன். அடித்தவன்தான் எப்போதும் அதைச் சொல்லியிருக்கிறான். அடி வாங்கியவன் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் போடச் சொன்ன அதே பட்டை என் நெற்றியிலும் இருந்தது. அதைக் கூட அந்த மனிதர் பார்க்கவில்லை.

“என்னால ஏலாது அண்ணை.”

“சரி, வேற ஆளட்டைக் கீறுவிக்கிறன்.”

அந்த அச்சுக்கூடத்தில் படங்களை மரக்கட்டையில் செதுக்கித் தருகிறவர் மூதூர்க்காரர். வயதில் பெரியவர். முஸ்லிம் வழக்கப்படி எல்லாரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்போம். அவர் செதுக்காமல் எந்தப் படமும் அச்சேறாது. குனிந்த தலை நிமிராமல் அவர் சொன்னார்:

“கீறட்டும் முதலாளி. செதுக்கிறதுக்கு உளி இல்லை.”

“உளி எங்க போனது?”

“யுத்தத்துக்குப் போயிட்டுது.”

அந்தக் கிழமை படத்துக்கான இடத்தில் தலைக்கு வைக்கும் எண்ணெய் விளம்பரம் வந்தது. அன்றைக்கு நான் பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி அச்சுக்கூடத்துக்கு வெளியே நின்றேன். காக்கா பின்னால் வந்தார்.

“தம்பி, ஏலாதெண்டு சொன்னாய். நல்லது. உன்ட ஏலாதால அந்த மனுசன் வெளிய வருவானா?”

“இல்லை காக்கா.”

“அப்ப என்ன கீற ஏலும் எண்டு போய்ப் பாரு.”

வீட்டுக்கு வந்து கோபத்தோடு இருந்தேன். முதலில் கிளாக்கரைக் கழுதையாகக் கீறினேன். விபூதி பூசிய கழுதை. நன்றாக வந்தது. அச்சு அசல் அவர்தான். மனுசி குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“கழுதை நல்லாத்தான் இருக்கு. கந்தப்பண்ணை எங்க?”

திரும்பிப் பார்த்தேன். கந்தப்பர் படத்தில் இல்லை. என்னுடைய கோபம் மட்டும் இருந்தது. கிழித்துப் போட்டேன். கோபம் வேண்டும், பிள்ளைகளே. கோபமில்லாத சிரிப்புப் படம் எண்ணெய் விளம்பரம். ஆனால் உங்களுடைய கோபத்தை நீங்களே தடவிக் கொடுக்கிற படத்தால் மறியலில் இருக்கிறவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

மனுசி போகவில்லை. நின்று யோசித்தாள்.

“இஞ்சாருங்கோ, கட்டினவன் உந்தச் செம்பட்டையெல்லோ? அண்டைக்கு அவன் கயிறு பிடிச்சதுக்குக் கந்தப்பண்ணை மீன் குடுத்தவர். இண்டைக்குக் கந்தப்பண்ணை கயிறு பிடிச்சதுக்கு அவன்...”

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அம்மாளாச்சி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான் வந்தது. கை ஈரம் காயாத ஒருத்தி வாசலில் நின்று பாதியில் விட்ட கதையில் இருந்து.

எங்கே கீறுவது? பத்திரிகை போடாது. ஆனால் அடுத்த நாள் பெய்த மழை எனக்கு வழி விட்டது. காயாமல் நட்ட பலகை, எழுத்து முழுவதும் கரைந்துவிட்டது. சாமான் இன்னும் ஏற்றி முடியவில்லை. போய்த் திரும்ப எழுதும் என்று கிளாக்கர் அனுப்பினார்.

“கீறினா வேலை போகும், தெரியுமே?” என்றாள் மனுசி.

“தெரியும்.”

“அப்ப வடிவாக் கீறுங்கோ.”

முன்பக்கம் ஊரைப் பார்த்தபடி. அதில் சொன்னபடியே எழுதினேன். கீழே கேட்காமலே தமிழிலும் எழுதினேன். பின்பக்கம் படகைப் பார்த்தபடி, மாலுமிகள் வேலை செய்கிற பக்கம். அதில் கீறினேன். இடது பாதியில் செம்பட்டை கயிறு பிடித்து நிற்கிறான். கந்தப்பர் அவன் விரலில் மீனை மாட்டுகிறார். அதே கயிறு வலது பாதிக்கும் நீண்டு போகிறது. அங்கே கந்தப்பர் அதைப் பிடித்து நிற்கிறார். செம்பட்டை அதன் நுனியால் அவர் கையைக் கட்டுகிறான். பின்னால் வேப்பிலையோடு மூட்டை. யாருக்கும் பெரிய மூக்கு வைக்கவில்லை. வயிறு வைக்கவில்லை. ஒரு எழுத்தும் எழுதவில்லை. மூட்டை சுமந்த மாலுமிகள் நான் சும்மா பெயின்ற் அடிக்கிறேன் என்று போய் வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் கண்டவன் சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிட்டான். சிரித்தார்கள். செம்பட்டையைப் பிடித்து இழுத்து வந்து அவன் தலையையும் படத்தையும் காட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரிக்கத் தொடங்கினான். இடது பாதியில் சிரித்தான். கண் வலது பக்கம் போனதும் அவன் காது வரை சிவந்தது. அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். நான் தூரிகையோடு நின்றேன். கும்பிடுகிற பெயரெல்லாம் மனதுக்குள் சொன்னேன்.

செம்பட்டைதான் அதிகாரியிடம் பேசினான். வேகமாகப் பேசியதால் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கயிறு இழுக்கிற மாதிரிக் கையால் காட்டினான். ஒரு விரலை நீட்டி அதில் மீன் தொங்குகிற மாதிரிக் காட்டினான். பிறகு கோயில் பக்கம் கையை நீட்டினான். அதிகாரி கிளாக்கரைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். வந்தது பாருங்கள் இங்கிலீசு! அன்றைக்கு ஒரு வசனம் வராத வாயில் இருந்து, வழக்கம் என்ன, முதல் பங்கு யாருக்கு, கயிறு பிடித்தவனுக்கு என்ன என்று ஆறாக ஓடியது. அதிகாரி படத்தை இன்னொருதரம் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார்.

அன்று பின்னேரமே கந்தப்பரை விட்டுவிட்டார்கள்.

கைதட்டிவிடாதீர்கள். சிரிப்பு ஒரு மனிதனை மறியலில் இருந்து மீட்டது என்று மேடையில் பேசிவிடாதீர்கள். கந்தப்பர் குற்றமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. துரைக்குச் சிரிப்பு வந்தது, விட்டார். அன்று காலை அவருக்கு வயிற்றுவலி என்றால் கந்தப்பர் உள்ளேதான். பலகையைக் கழற்றித் தங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் மாட்டக் கொண்டு போனார்கள். சீனி மூட்டையை லொறியில் ஏற்றினார்கள். ஏற்றியவன் வேப்பங்கொப்பை எடுத்து மணலில் எறிந்தான். என்னைக் கிளாக்கர் கூப்பிட்டு, அரசாங்கப் பலகையைப் பழுதாக்கியதற்காக நாளையில் இருந்து வரவேண்டாம் என்றார். அவர்களுக்குப் படம் பிடித்தது. கீறினவனைப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிறு கரைக்குப் போனேன். அந்தக் கரைவலைக் காலத்துக் கடைசி வலைகளில் ஒன்று. கயிறு பிடித்து நின்றபோது செம்பட்டை தூரத்தில் வருவது தெரிந்தது. குளிக்கிற உடுப்பில்லை, வெள்ளை உடுப்பில் வந்தான். வந்து எட்ட நின்றான். யாரும் கயிறு கொடுக்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“குடுங்கோடா கயிறு” என்றார் கந்தப்பர்.

“அண்ணை, உவனெல்லோ உங்கட கையைக் கட்டினவன்!”

“கட்டினது அவன்ர வேலை. இது எங்கட வழக்கம். குடு.”

கொடுத்தார்கள். அவன் இழுத்தான். விழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மீன் குவிந்தது. கந்தப்பர் கால் கை கழுவி வந்து, அவன் கண்ணுக்கு முன்னால் அம்மாளாச்சியின் பங்கை எடுத்து வைத்தார். மற்ற நாளை விடப் பெரிய பங்கு. ஒரு வேப்பங்கொப்பையும் செருகினார். பிறகு பங்குகள். கடைசியில் ஈர்க்கில் மீனைக் கோத்து அவன் விரலில் மாட்டினார். கந்தப்பரின் மணிக்கட்டில் கயிற்றுக் காயம் இன்னும் ஆறவில்லை. அவன் வேண்டாம் என்று கையை ஆட்டவில்லை. வாங்கிக்கொண்டு கரை நெடுகப் போனான். இந்தமுறை மீனை எட்டப் பிடிக்கவில்லை. அது வெள்ளை உடுப்பில் உரசி உரசிச் செதில் ஒட்டிக்கொண்டே போனது.

எனக்கும் கறிக்கு மீன் தந்தார்.

“உம்மட படத்தைப் பாத்து அவங்கள் சிரிச்சவங்களோ தம்பி?”

“ஓம் அண்ணை.”

“நல்லாவோ?”

“ஓம். துரை நல்லாச் சிரிச்சவர்.”

“அம்மாளாச்சியின்ர சீனி?”

“லொறியில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்.”

கந்தப்பர் கோயில் பக்கம் பார்த்தார். குரல் நன்றாக இறங்கிவிட்டது.

“அப்ப என்னத்தைப் பாத்துச் சிரிச்சவங்கள்?”

கையில் மீனோடு நின்றேன். அதற்குப் பிறகு ஒரு சீவியகாலம் படம் கீறிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டேன். ஒவ்வொரு படத்தையும் கொடுக்க முன்னம் அவர் கேட்டதை என்னிடம் நானே கேட்டுப் பார்ப்பேன். உங்கள் அன்னதானப் படத்தை அந்த வரிசையில் நின்ற ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.